சத்தம் போடாத ஆட்டோகிளேவ்

ஒரு கிளினிக்குக்குள் நுழைந்தால் எல்லோரும் சுவரில் மாட்டியிருக்கும் பட்டங்களைப் பார்ப்பார்கள். நான் குப்பைத்தொட்டியைப் பார்ப்பேன். ஊசி தனியாகவும் ரத்தம் பட்ட பஞ்சு தனியாகவும் கிடந்தால் அந்த டாக்டரிடம் என் பிள்ளையை நம்பி ஒப்படைப்பேன். இரண்டும் ஒன்றாகக் கிடந்தால் அவர் பாரீஸில் படித்துவிட்டு வந்தவராக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை, என் பேனா ஓடிவிடும். இதை ஆணவம் என்பவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். ஆபரேஷன் தியேட்டரிலும், கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவிலும் தலை நரைக்கும்வரை நின்றவள் நான். எது சுத்தம், எது சுத்தமாகத் தெரிவது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த அனுபவத்துக்காகத்தான் தனியார் கிளினிக்குகளுக்கு அனுமதி புதுப்பிக்கும் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மருத்துவ அதிகாரி, நான், ஜீப் ஓட்டுபவர். அதிகாரி என்னைவிட வயதில் சிறியவர், நல்ல பிள்ளை, காகிதங்கள் என்றால் உயிர். தீயணைப்புச் சான்று இருக்கிறதா, குப்பை எடுக்கும் கம்பெனியுடன் ஒப்பந்தம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடிப்பார். நான் அந்த நேரத்தில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த சூட்டோடு தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கிளினிக்கின் முறை வந்தது. கணவனும் மனைவியுமாக இரண்டு டாக்டர்கள் நடத்துவது. கணவர் மாலையில் காய்ச்சல், இருமல் பார்ப்பார். பகலில் அந்த அம்மாள். பட்டறைகளில் கை வெட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குத் தையல் போடுவது அவர்தான். பேட்டையில் அவரை டாக்டரம்மா என்று சொன்னால் போதும், பெயர் தேவையில்லை.

முந்தின நாள் மாலையில் என் தம்பி போன் செய்தான். அவன் அதே பேட்டையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறான்.

"அக்கா, நாளைக்கு எங்க டாக்டரம்மா கிளினிக்குக்கு நீதான் வர்றியாமே?"

"உனக்கு யாரு சொன்னா?"

"பேட்டைக்கே தெரியும். பாத்து நடந்துக்க. அந்தம்மா இல்லன்னா இங்க எங்களுக்கு நாதி இல்ல."

"அத நான் பாத்துக்கறேன். விரல் எப்படி இருக்கு?"

"அது பாட்டுக்கு இருக்கு. வெச்சிடறேன்."

பூஜை முடிந்து பட்டறை திறந்த அன்றே தகரத்தின் விளிம்பு அவன் வலது ஆள்காட்டி விரலைக் கிழித்துவிட்டது. டாக்டரம்மாதான் தைத்திருந்தார். தம்பிக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை உடம்பில் ஒரு புண் என்ன செய்யும் என்று நான் வார்டில் பார்த்துப் பார்த்து நொந்தவள். அதிலும் அந்த விரல் சாதாரண விரல் இல்லை. கடைந்த இரும்பை அந்த விரல் நுனியால் ஒரு தடவு தடவி, இன்னும் ஒரு மயிரிழை எடுக்க வேண்டும் என்று சொல்லுவான். அளந்து பார்த்தால் சரியாக இருக்கும். அவன் வீட்டில் உலை கொதிப்பதே அந்த விரலால்தான்.

மறுநாள் ஜீப்பில் ஏறியதும் அதிகாரியிடம் சொல்லிவிட்டேன், என் தம்பி அங்கேதான் வைத்தியம் பார்த்துக்கொள்கிறான், பிறகு மறைத்தாள் என்று யாரும் பேசக்கூடாது என்று. அவர் சிரித்தார்.

"பாண்டியில யாருக்குத்தான் சொந்தக்காரங்க இல்ல மேடம்? அதப் பாத்தா நாம திண்டிவனத்துலதான் போயி இன்ஸ்பெக்ஷன் பண்ணணும்."

கிளினிக் எனக்குப் பிடித்திருந்தது. இதை ஒளிக்காமல் சொல்கிறேன். குப்பைத்தொட்டிகள் நிறம் மாறாமல் அதனதன் இடத்தில் இருந்தன. ஆக்ஸிஜன் சிலிண்டர் நிரம்பியிருந்தது, சாவி அதன் கழுத்திலேயே தொங்கியது. தேதி முடிந்த ஒரு மாத்திரை கிடைக்குமா என்று அலமாரியைக் குடைந்தேன், கிடைக்கவில்லை. பினாயில் வாசனை அளவாக இருந்தது. அளவுக்கு மீறி இருந்தால் நாங்கள் வருவதாகத் தெரிந்து கொட்டியிருக்கிறார்கள் என்று பொருள். டாக்டரம்மா என் பின்னாலேயே வந்தார், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். அறுபதைத் தாண்டியவர், நிமிர்ந்த நடை. எனக்கு அவரிடம் மரியாதை வந்துவிட்டது.

எங்கே பார்த்தாலும் சந்தனம், குங்குமம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கு ஒரு பொட்டு, எடை மெஷினுக்கு ஒரு பொட்டு, ஃபிரிட்ஜின் கதவில் மூன்று பொட்டு. அங்கே மூத்த நர்ஸ் கழுத்தில் ஜெபமாலை போட்ட கிறிஸ்தவப் பெண்மணி, ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவர். மாதா படத்துக்கும் பூஜைக்கு வாங்கிய சாமந்தியில் ஒரு முழம் போட்டிருந்தார். ஆயுத பூஜைக்கு எங்கள் ஊரில் மதம் கிடையாது. மெஷின் இருக்கும் இடத்தில் எல்லாம் பொரிகடலையும் உண்டு.

"சுகர் பாக்குற மெஷினுக்குக்கூட வெச்சிட்டீங்களே சிஸ்டர்," என்றேன்.

"அது மட்டும் என்னா பாவம் பண்ணிச்சி மேடம்?" என்றார் அவர்.

கடைசியில் கட்டுப் போடும் அறை. தையல் போடுவதும் அங்கேதான். மூலையில் ஆட்டோகிளேவ் இருந்தது. கத்தரி, இடுக்கி, தையல் ஊசி பிடிக்கும் கருவி, பஞ்சுத்துணி எல்லாவற்றையும் அழுத்தமான நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் பாத்திரம் அது. பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். மூடியில் அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்று, பக்கத்தில் காற்று வெளியேற ஒரு சின்னக் குழாய். அதற்குத்தான் அந்தக் கிளினிக்கிலேயே அதிகமான சந்தனம். மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இதுக்கு யார் இவ்வளவு வெச்சது?"

நர்ஸ் முகம் மலர்ந்துவிட்டது. "லேத்துப் பட்டறைக்காரத் தம்பி மேடம். வருஷா வருஷம் அவருதான் வந்து சர்வீஸ் பண்ணித் தருவாரு, ஒரு பைசா வாங்க மாட்டாரு. இந்தத் தடவை அவரே பூஜையும் போட்டுட்டாரு. முன்னல்லாம் ஸ்ஸ்ஸுன்னு ஒரே சத்தம் போடும் மேடம், காதே வலிக்கும். அவர் கை வெச்சதுல இருந்து சத்தமே இல்ல. பூனை மாதிரி ஓடுது."

லேத்துப் பட்டறைக்காரத் தம்பி யார் என்று நான் கேட்கவில்லை. தெரிந்துவிட்டது. அதைவிட என்னை உறுத்தியது அந்தக் கடைசி வார்த்தைதான். ஆட்டோகிளேவ் சத்தம் போட வேண்டும். சூடேறும்போது உள்ளே இருக்கும் காற்று முழுக்க அந்தக் குழாய் வழியாகச் சீறிக்கொண்டு வெளியேறினால்தான் நீராவி அந்த இடத்தைப் பிடிக்கும். காற்று உள்ளேயே மாட்டிக்கொண்டால் மீட்டரில் அழுத்தம் காட்டும், ஆனால் வேண்டிய சூடு இருக்காது. கிருமி சாகாது. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

"டேப் ஒட்டித்தானே வைக்கிறீங்க?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். சரியான சூட்டில் நீராவி பட்டால் கோடுகள் கறுப்பாகும் ஒரு காகித டேப் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒட்ட வேண்டும்.

அவர் முதன்முறையாகத் தயங்கினார். "தீர்ந்துபோச்சு. வாங்கணும்னு சொல்லிட்டே இருக்கேன். மீட்டரு பாத்துத்தான் இறக்கறோம்."

என் கைப்பையில் பவுடர் டப்பா இருக்காது, டேப் சுருள் இருக்கும். இரண்டு துணிப்பொட்டலத்தில் ஒட்டி, உள்ளே வைத்து, ஓட்டச் சொன்னேன். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு டீ சொன்னார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. குழாயின் திருகு திறந்துதான் இருந்தது. ஒரு சீறல் வரட்டும் என்று காத்திருந்தேன். மீட்டரில் முள் மேலே ஏறியது, வர வேண்டிய இடத்துக்கு வந்து நின்றது. குழாயிலிருந்து ஒரு பொட்டு ஆவிகூட வரவில்லை.

திறந்து பார்ப்பதற்கு முன்பே எனக்குப் பதில் தெரியும். இருந்தாலும் நேரம் முடியட்டும் என்று விட்டேன், பாதியில் நிறுத்தினால் நாளைக்கு வாதம் வரும். ஆறவைத்துத் திறந்து பொட்டலங்களை எடுத்து மேஜையில் வைத்தேன். கோடுகள் ஒட்டியபோது எப்படி இருந்தனவோ அப்படியே வெளிறிக் கிடந்தன.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எத்தனையோ கிளினிக்கில் கறுக்காத டேப்பைக் காட்டி டாக்டர்களை வறுத்தெடுத்திருக்கிறேன். அன்றைக்கு என் கண் முன்னால் டேப் இல்லை, தம்பியின் விரல்தான் இருந்தது.

"டேப் பழசா இருக்குமோ?" என்றார் டாக்டரம்மா.

"நேத்து இன்னொரு எடத்துல இதே சுருள்தாம்மா. கன்னங்கரேல்னு ஆச்சு."

அவர் மேலே வாதாடவில்லை. பொட்டலத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிகாரி என் காதருகே வந்து, "சின்னக் குறைன்னு எழுதி சரிபண்ண டைம் கொடுத்துடலாமா மேடம்? மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"சின்னக் குறையா? இந்தக் கத்தரியால உங்க வயித்தக் கிழிச்சா சின்னக் குறைன்னு சொல்லுவீங்களா?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். பாவம், அவர் டீ கிளாஸோடு வெளியே போய்விட்டார்.

டாக்டரம்மா நர்ஸைப் பார்த்துக் கேட்டார். "பூஜைக்கு அப்புறம் யார் யாருக்குத் தைச்சோம்?"

நர்ஸுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பூஜை விடுமுறை கழிந்து பட்டறைகள் பாதிதான் திறந்திருந்தன. தையல் போட்டது இரண்டே பேருக்கு. ஒன்று லேத்துக்காரத் தம்பி. இன்னொன்று பேக்கிங் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண், உள்ளங்கையில் பிளேடு கிழித்தது. தவளக்குப்பத்தில் இருந்து பஸ்ஸில் வருகிறவள்.

டாக்டரம்மா தன் போனை எடுத்தார். அவர் பேசிய விதத்தை நான் மறக்க மாட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, உனக்குத் தைச்ச சாமான் சுத்தமா இல்ல. தப்பு எங்களோடது. இருக்கறத அப்படியே போட்டுட்டு வா."

பிறகு அந்தப் பெண்ணின் எண்ணுக்குப் போட்டார். அணைத்து வைத்திருந்தாள். கம்பெனிக்குப் போட்டதில், சூப்பர்வைசர், கை ரொம்ப வலிக்கிறது என்று சொல்லி முந்தின நாளிலிருந்தே அவள் வேலைக்கு வரவில்லை என்றார். டாக்டரம்மா போனை மேஜையில் வைத்தார்.

தம்பி வந்தான். இடது கையால் மட்டும் பிடித்து வண்டி ஓட்டி வந்திருக்கிறான். அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. கட்டை அவிழ்க்கச் சொன்னேன். விரல் வீங்கிப் பளபளவென்று இருந்தது. தையலுக்கு நடுவே சீழ் கட்டியிருந்தது. சிவப்பு புறங்கைவரை ஏறியிருந்தது.

"எத்தினி நாளா இப்படி இருக்கு?"

"முந்தா நேத்துலேர்ந்து."

"நேத்து போன்ல அது பாட்டுக்கு இருக்குன்ன?"

"உங்கிட்ட சொன்னா நீ டாக்டரம்மாவத் திட்டுவ." இன்ஸ்பெக்ஷனில் அந்த அம்மாளுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று வலியை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறான். அங்கேயே ஒரு அறை விடலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது.

டாக்டரம்மா விரலை மெதுவாக அழுத்திப் பார்த்தார். "உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போவணும். தையலப் பிரிச்சி, உள்ள கழுவணும். இங்க செய்ய எங்கிட்ட சுத்தமான கத்தரி ஒண்ணுகூட இல்ல."

அதுவரை அவன் அமைதியாகத்தான் இருந்தான். சாமான் சுத்தமில்லை என்ற வார்த்தை அப்போதுதான் அவனுக்கு முழுசாக உறைத்திருக்க வேண்டும். "அது எப்படி? நான்தான சர்வீஸ் பண்ணேன்?" என்று ஆட்டோகிளேவ் பக்கம் போனான். மூடியைத் திருப்பினான். வாயைக் குவித்துக் குழாயில் ஊதினான், காற்று போகவில்லை. நர்ஸின் புடவையில் குத்தியிருந்த ஊக்கை இடது கையால் கேட்டு வாங்கி உள்ளே விட்டுக் குடைந்தான். சுட்ட மண் மாதிரி மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான்.

சந்தனம்தான். தன் லேத்துக்கு எப்படிக் கைநிறைய அப்புவானோ, அப்படியே பக்தியாக இதற்கும் அப்பியிருக்கிறான். லேத்துக்கு மூச்சு விடும் துளை கிடையாது. இதற்கு உண்டு. நீராவிச் சூட்டில் அந்தச் சந்தனம் உள்ளேயே வெந்து இறுகிவிட்டது.

"தம்பி, இங்க பாரு," என்றார் டாக்டரம்மா. "மெஷின் எப்ப வேணா கெட்டுப்போவும். கெட்டுப்போச்சான்னு பாக்கத்தான் டேப்பு. டேப்பு இல்லாம கத்திய எடுத்தது நான். நீ இல்ல." அவர் சொன்னது சத்தியம். நானும் அதைத்தான் எழுதினேன்.

அவன் காதில் அது ஏறியதாகத் தெரியவில்லை. "என்னத் தவிர வேற யாருக்கு?" என்றான்.

நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தார். திரும்பவும் கேட்டான். நர்ஸ் சொன்னார், தவளக்குப்பத்துப் பெண், உள்ளங்கை, கை வலி என்று வேலைக்கு வரவில்லை, போன் எடுக்கவில்லை என்று. உடனே வண்டிச் சாவியைத் தேடினான்.

"எங்கடா போற?"

"அந்தப் பொண்ணப் பாத்துட்டு வந்துடறேன்."

"விரல் போயிடும்டா. சர்க்கரைய வெச்சிக்கிட்டு வெளையாடறியா?"

"போவட்டும்."

நான் போட்ட சத்தத்தில் வாசலில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எழுந்துவிட்டார்கள். என்னென்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை, எங்கள் அம்மாவைக்கூட இழுத்தேன் என்று நினைக்கிறேன். அவன் அசையவில்லை. டாக்டரம்மாதான் முடித்து வைத்தார். கட்டுப் போடும் அறையைத் தன் கையாலேயே பூட்டி, சாவியைக் கொண்டுபோய் அதிகாரியிடம் கொடுத்தார். கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

"தவளக்குப்பத்துக்கு நான் போறேன். தைச்சது நான், நான்தான் போவணும். நீ அக்காகூடப் போ."

அதிகாரி ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டார். தம்பி ஏறினான்.

பெரியாஸ்பத்திரியில் எனக்குத் திறக்காத கதவு கிடையாது. அங்கே பாதிப் பேருக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான், மீதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கியவர்கள். அவனை உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். மரத்துப்போக ஊசி போட்டும் சீழ் கட்டிய இடத்தில் அது சரியாகப் பிடிக்கவில்லை. தையலைப் பிரித்து, கீறி, கழுவினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தான்.

அந்த நேரத்தில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்து அறிக்கையை எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவில்லை. எழுதியவளின் தம்பி பாதிக்கப்பட்டவன் என்பதையும், மெஷினைச் சர்வீஸ் செய்தவன் அவனே என்பதையும் சேர்த்தே எழுதினேன். அறை மூடியே இருக்க வேண்டும் என்று எழுதினேன். பிறகு அந்த அறை புது மெஷினோடும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒட்டிய டேப்போடும் திறந்தது. அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட என்னை அனுப்ப வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். போனவர்கள் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று வந்து சொன்னார்கள்.

அன்றைக்கு அறிக்கையை எழுதி முடிக்கும்போது சர்ஜன் என்னை உள்ளே கூப்பிட்டார். எலும்பைத் தொடவில்லை, ஒரு நாள் தள்ளியிருந்தால் தொட்டிருக்கும், விரல் பிழைத்துவிட்டது என்றார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தம்பியிடம் சொன்னேன். "ம்," என்றான், யாருடைய விரலையோ பற்றிச் சொன்னதுபோல. அவன் கண் என் கையிலிருந்த போன் மேல்தான் இருந்தது.

கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. டாக்டரம்மா. அவனுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் மேளச் சத்தமும் மைக்கில் யாரோ பேசுவதும் கேட்டது.

"பாத்துட்டேம்மா. புண்ணு காஞ்சி போச்சு, சீழு கீழு ஒண்ணும் இல்ல. இருந்தாலும் அங்க கூட்டிட்டு வந்து ஒரு தடவை காட்டிடறேன். அவ பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டாளாம், இன்னைக்கி மஞ்சத்தண்ணி. லீவு கேட்டா தர மாட்டாங்கன்னு கை வலின்னு சொல்லிட்டு, சூப்பர்வைசரு கூப்புடுவாருன்னு போனை அணைச்சி வெச்சிருக்கா. என்னைப் பாத்ததும் லீவு பொய்யக் கண்டுபிடிக்க வந்துட்டாங்கன்னு பயந்துட்டா. இப்ப சாப்புடாம போவக்கூடாதுன்னு ஒக்கார வெச்சிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பியும் சிரிப்பான் என்று திரும்பினேன். விரலைக் கீறியபோது முனகாதவன், விரல் பிழைத்தது என்றபோது முகம் மாறாதவன், குனிந்து விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தான். கட்டுப் போட்ட நர்ஸ் பெண் பயந்துபோய், "ரொம்ப வலிக்குதாண்ணா, இன்னொரு ஊசி போடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம், அது வலி இல்லை என்று சொல்லிவிட்டு, அவன் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.